சின்ன ஆட்டங்களுக்கு வராத அப்பா

வினோ,

நீ அம்மாவுக்குப் போன் எடுக்கும்போதெல்லாம் நான் வீட்டில்தான் இருக்கிறேன். "அப்பா நிக்கிறாரோ?" என்று நீ கேட்பதும், "ஓம், குடுக்கட்டோ?" என்று அம்மா கேட்பதும், "வேண்டாம், பிறகு கதைக்கிறன்" என்று நீ சொல்வதும் எனக்குக் கேட்கும். அம்மாவின் போனில் சத்தம் பெரிது. நாற்பது நாளாயிற்று, அந்தப் 'பிறகு' இன்னும் வரவில்லை. உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நான் எடுத்தால் நீ பேசுவாய், எனக்குத் தெரியும். "சாப்பிட்டியோ?" என்று நான் கேட்பேன், "ஓம்" என்பாய், அதற்குப் பிறகு இரண்டு பேரும் சும்மா போனைக் காதில் பிடித்துக்கொண்டிருப்போம். அதனால்தான் எழுதக் கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்வதும் சரியில்லை. இரண்டு வரி எழுதினால் எழும்பி விடுகிறேன். வரம்பில் நடந்து வாய்க்காலைப் பார்த்துவிட்டு வருகிறேன். சைக்கிளை எடுத்துச் சந்திவரை போய், ஒன்றும் வாங்காமல் திரும்புகிறேன். "உங்களுக்கு என்ன, காலுக்குள்ள எறும்போ?" என்று அம்மா கேட்கிறாள். எறும்பு காலில் இல்லை.

உனக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன், ஆனால் என் பக்கத்திலிருந்து. போன பருவத்தில் உன் உதைபந்தாட்டக் கழகத்துக்குப் பதினான்கு லீக் ஆட்டங்கள். புள்ளிப் பட்டியலில் முதல் நான்கு இடங்களுக்குள் வந்தால் அரையிறுதி. சம்பளத்துக்கு உதைபந்தாடப் போன முதல் பெண் பிள்ளை எங்கள் பக்கத்தில் நீதான் என்று துணுக்காயில் எல்லோரும் என்னை நிறுத்திக் கதைப்பார்கள். அந்தக் கழகம் உன்னைக் கூட்டிப்போனதே ஓர் இறுதியாட்டத்தைப் பார்த்துத்தான். கோலுக்குள் நின்று மூன்று பெனால்டிகளை அன்றைக்கு நீ தடுத்தாய். மூன்றாவதைத் தடுத்தபோது நான் கத்திய கத்தலில் ஒரு கிழமைக்கு எனக்குக் குரல் வரவில்லை. அதைப் பெருமையாக எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!

ஆனால் லீக் ஆட்டங்களில் நின்றது அந்த வினோ இல்லை என்று அம்மா ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஒவ்வொரு ஆட்டத்தையும் பேஸ்புக் நேரலையில், போனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்துவிட்டு, குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். பருவத்தின் கடைசிக்கு முந்தின ஆட்டம், பட்டியலில் ஆகக் கீழே கிடந்த அணியோடு. நான் கயிற்றுக் கட்டிலில் கிடந்தேன்.

"இஞ்சேருங்கோ, பிள்ளைக்கு மேட்ச் தொடங்கீற்று. பாக்கேல்லையோ?"

"அது சின்ன மேட்ச்தானே. வெல்லுவினம். நீர் பாரும், செமி பைனலுக்குக் கூப்பிடும்."

நீங்கள் வென்றீர்கள். மூன்றுக்கு இரண்டு. மூன்றுக்குப் பூச்சியம் என்று இருந்ததை நீதான் மூன்றுக்கு இரண்டாக்கினாய். ஒரு பந்து பாதி மைதானத்திலிருந்து உருண்டு வந்தது, நீ கோல் கம்பத்துக்கு வெளியே தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றாய். மற்றது உன் கைக்கு நேரே வந்த பந்து. அம்மா இதை அன்றைக்குச் சொல்லவில்லை, பருவம் முடிந்த பிறகுதான் சொன்னாள். வென்ற ஆட்டம் என்பதால் உன் கழகத்திலும் ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை போல. அடுத்த கிழமை கடைசி ஆட்டமும் முடிந்து பட்டியல் வந்தபோது நீங்களும் இன்னோர் அணியும் நான்காம் இடத்துக்குச் சமபுள்ளி. கோல் வித்தியாசத்தில் ஒன்று குறைந்து நீங்கள் வெளியே. அரையிறுதி பார்க்க நான் புதுச் சேர்ட் தைக்கக் கொடுத்திருந்தேன். அது வந்து கொடியில் தொங்கியது.

நீ வீட்டுக்கு வந்தாய். முதல் இரண்டு நாளும் நித்திரை. மூன்றாம் நாள் மத்தியானம் நீ முற்றத்தில் உன் கையுறைகளைக் கழுவிக் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது நான்தான் கதையைத் தொடங்கினேன். நல்ல முகத்தோடு தொடங்கவில்லை.

"அந்த ரெண்டு கோலும் என்னெண்டு போச்சுது?"

நீ கையிலிருந்த கையுறையைப் பிழிந்து கொடியில் போட்டாய். பிறகு சொன்னாய், "அப்பா, எனக்குத் தெரியேல்லை. உடம்பு எழும்புதில்லை. பைனல், செமி எண்டால் முதல் நாளே உள்ளங்கை சுடத் தொடங்கீரும். பந்து அடிக்க முதலே எந்தப் பக்கம் வருதெண்டு தெரியும். லீக் மேட்ச் எண்டால் கிளவுஸ் போடேக்கையே கொட்டாவி வருது. நான் வேணுமெண்டு செய்யேல்லை."

ஒரு தகப்பனிடம் பிள்ளை இவ்வளவு நேர்மையாகப் பேசுவது எப்போதாவதுதான் நடக்கும். எனக்கு அது அப்போது விளங்கவில்லை. "சம்பளம் வாங்கிக்கொண்டு நித்திரை கொள்ளுறதோ? வெக்கமா இல்லையோ?" என்றேன். ஒவ்வொரு ஆட்டத்தையும் இறுதியாட்டம் மாதிரி நினைக்க வேண்டும் என்றேன். கடமை என்றேன், ஊர்ப் பெயர் என்றேன். அம்மா குசினிக்குள்ளிருந்து "போதும், விடுங்கோ" என்று சொன்னது கேட்டும் நிறுத்தவில்லை. கடைசியில் நீ ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் கேட்டாய்.

"அப்பா, பன்ரெண்டு வயசில இருந்து விளையாடுறன். நீங்கள் என்ர எத்தினை மேட்ச் பாத்தனீங்கள்?"

"ஏன், பைனல் எல்லாத்துக்கும் வந்தனான்தானே."

"ஓம்" என்றாய் நீ. "பைனல்."

அந்த ஒரு சொல்லோடு உள்ளே போய்விட்டாய். இரண்டு கிழமை இருக்க வந்தவள் அடுத்த நாள் விடியவே பையைக் கட்டினாய். மாங்குளத்தில் பஸ் வரும்வரை அரை மணித்தியாலம் பக்கத்தில் நின்றேன். சொல்ல எவ்வளவோ இருந்தது. பஸ் வந்தது, "கவனம்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

நீ போனபிறகு வந்த கிழமைகளில் எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. உன் புதுப் பருவம் தொடங்கிவிட்டது என்று தெரியும். பார்க்கவில்லை. இப்போது பார்க்கத் தொடங்கினால் நீ சொன்னதற்காகப் பார்ப்பதாகிவிடும் என்று ஒரு வீம்பு. ஒருநாள் சைக்கிள் சில்லுக்குக் காற்றுப் போகிறது என்று சிவத்தின் கடைக்குப் போனேன். காற்றுப் போகவில்லை. போக ஓர் இடம் வேண்டியிருந்தது.

சிவம் மாமாவை உனக்குச் சைக்கிள் திருத்துகிறவராகத் தெரியும், காலை இழுத்து நடப்பவராகத் தெரியும். அந்தக் கால் எப்படிப் போனது என்று நான் உனக்குச் சொன்னதில்லை. வேறு ஆரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். கல்யாணத்துக்கு முதல் நானும் அவனும் ஒரே கரப்பந்தாட்ட அணியில் விளையாடினோம். அவன் பந்தைக் கையால் தூக்கிக் கொடுப்பான், நான் வலைக்கு மேலால் அடிப்பேன். நான் நல்ல அடிகாரன், அதில் பொய் இல்லை. ஆனால் நானும் இறுதியாட்டத்துக்குத்தான் எழும்புகிறவன். சனம் சுற்றி நின்று, ஒலிபெருக்கியில் பெயர் சொன்னால் என் கால் தானாகக் குதிக்கும். மாலை வேளைகளில் பத்துப் பேர் பார்க்க நடக்கும் லீக் ஆட்டங்களில் ஏனோதானோ என்று நிற்பேன். ஒரு வருடம் ஒரு நோஞ்சான் அணியோடு ஆட்டம். "எனக்குக் கால் நோகுது, நீங்கள் விளையாடுங்கோ" என்று சொல்லியனுப்பிவிட்டு வீட்டில் படுத்து நித்திரை கொண்டேன். ஆள் குறைந்ததால் என் இடத்தில் நின்று சிவம் அடித்தான். அவனுக்கு அது பழக்கமில்லை. வலைக்குக் கிட்டக் குதித்து இறங்கும்போது எதிராளியின் காலின்மேல் இறங்கி முழங்கால் திரும்பிவிட்டது. அந்த வருட இறுதியாட்டத்தை நாங்கள்தான் வென்றோம். என்னைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். சிவம் ஒரு கதிரையில் காலை நீட்டி இருந்து கை தட்டினான். அவன் பிறகு விளையாடவே இல்லை. நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டதும் இல்லை. கால் நோ என்றது பொய் என்று அவனுக்குத் தெரியாது என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

அன்றைக்குக் கடையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த சிவம் நிமிர்ந்து, "உன்ர மகளின்ர மேட்ச்தான். முடிஞ்சுது" என்றான்.

"நீ பாக்கிறனியோ?"

"எல்லாம் பாக்கிறனான். கடையில இருந்து வேறை என்ன வேலை. ஆனா இந்த முறை அவளைப் பாக்கக் கிடைக்கேல்லை. இருத்தி வச்சிருக்கினம். வேறை ஒரு சின்னப் பிள்ளைதான் கீப்பர். நாலு மேட்ச் முடிஞ்சுது, நாலிலும் அவள் வெளியிலதான். உனக்குத் தெரியாதோ?"

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதை மறைக்க உன்மேல் பழியைப் போட்டேன். "லீக் மேட்ச் எண்டால் அவளுக்கு உடம்பு எழும்பாதாம். பிறகு இருத்தாமல் என்ன செய்வினம்?" என்றேன். சிவம் சிரித்தான். வெளிநாட்டு ஆட்டமெல்லாம் போனில் பார்க்கிறவன் அல்லவா, தொடங்கிவிட்டான். "மச்சான், பெரிய பெரிய ஆக்களுக்கே அது இருக்கு. நீளமான சீசன். எல்லா மேட்ச்சும் பைனல் மாதிரி ஓடினால் பாதியில உடம்பு முறிஞ்சிரும். லீக்கில மிச்சம் பிடிச்சு, கடைசிச் சுற்றில செலவழிப்பினம். பிளே ஓப் வந்தால் வேறை மனிசர் மாதிரி நிப்பினம். அது பிழை எண்டு நான் சொல்லமாட்டன்."

"அப்ப நானும் அப்பிடித்தானே விளையாடினனான்" என்றேன். ஏன் சொன்னேனோ தெரியாது.

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். "இல்லை. அவங்கள் மிச்சம் பிடிச்சாலும் வந்து நிக்கிறாங்கள். நீ மிச்சம் பிடிக்கேல்லை. நீ வரேல்லை." பிறகு என் சைக்கிள் சில்லை அமத்திப் பார்த்து, "இதில காத்து நல்லாத்தானே இருக்கு" என்றான்.

அன்றைக்கே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன் வினோ. கடை வாசலில் நின்று, கால் நோ என்றது பொய் என்று சொல்லி, "மன்னிச்சுக்கொள்" என்றேன். "அடுத்த நாளே தெரியும். உன்ர அம்மாவே சொன்னவா, மகனுக்கு நோ ஒண்டும் இல்லை, சும்மா படுத்துக் கிடந்தவன் எண்டு" என்றான். அதற்குமேல் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தேநீர் வாங்கித் தந்தான். குடித்துவிட்டு வந்தேன். மனம் லேசாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை. இத்தனை வருடம் கழித்துக் கேட்கிற மன்னிப்பு கேட்கிறவனுக்குத்தான் உதவும் போலிருக்கிறது, அதுவும் கொஞ்சம்தான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "பிள்ளையை இருத்தி வச்சிருக்கினமாம், உமக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் நிமிராமலே, "தெரியும்" என்றாள். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கத்தினேன். துருவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பியள்? பெரிய பிரச்சினை எண்டால்தானே நீங்கள் எழும்புவியள். இது சின்னப் பிரச்சினை. அவள் சமாளிப்பாள், நான் கதைக்கிறன்."

ஜெயபுரத்தில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய சனத்துக்குள் பிறந்து, பதினைந்து வயதிலேயே காடு வெட்டி நெல் விதைத்தவள் உன் அம்மா. பேச்சை வீணாக்க மாட்டாள். அவள் சொன்னது எதை என்று எனக்கு விளங்கியது. அதை நான் உனக்கு என் வாயால் சொல்லவேண்டும்.

போரின் கடைசி மாதங்களில் உனக்கு ஏழு வயது. அந்த நாள்களில் நான் எப்படி இருந்தேன் என்று நீ மற்றவர்கள் சொல்லக் கேட்டிருப்பாய். இடம் மாறி இடம் மாறி ஓடியபோது ஒவ்வொரு இடத்திலும் பதுங்குகுழி வெட்டினேன். அரிசி எங்கே இருக்கிறது, தண்ணீர் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போனால் உயிர் தப்பலாம் என்று என் காதுக்கும் காலுக்கும் தெரிந்திருந்தது. உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் நடந்தேன். பக்கத்துக் குடும்பத்துக் கிழவர் ஒருவரையும் திரும்பப் போய்த் தூக்கி வந்தேன். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால் கையைப் பிடித்து அழுகிறவர்கள் இருக்கிறார்கள். அது உண்மைதான். நான் அப்படித்தான் இருந்தேன்.

பிறகு முகாம், பிறகு இந்தக் காணிக்குத் திரும்பி வந்தது, தகரக் கொட்டில். அதற்குப் பிறகு நடந்ததை ஒருவரும் கல்யாண வீடுகளில் சொல்வதில்லை. வந்த நாளிலிருந்து ஏறக்குறைய இரண்டு வருடம் நான் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். காயம் இல்லை, காய்ச்சல் இல்லை. உடம்பு எழும்பவில்லை. காணியில் வளர்ந்து நின்ற பற்றையை வெட்டியது உன் அம்மா. நிவாரண வரிசையில் நின்றது அவள். உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தது அவள். காலையில் "இண்டைக்கு வாய்க்கால் வேலைக்கு ஆள் எடுக்கினமாம், போறியளோ?" என்று கேட்பாள். "நாளைக்குப் போறன்" என்பேன். சாகிற ஆபத்து இல்லாத ஒரு நாளை எப்படி நடத்துவது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. பிள்ளையைக் காப்பாற்றியாயிற்று, இனி என்ன என்று உடம்பு கேட்டது. அந்தப் பிள்ளைக்குத் தலை வாரவேண்டும், கொப்பி வாங்கவேண்டும், பல்லுக் கொதித்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவேண்டும் என்பதெல்லாம் அந்த உடம்புக்கு எட்டவில்லை.

நீ பள்ளிக்கூட அணியில் சேர்ந்ததுகூட அம்மா சொல்லித்தான் தெரியும். முதல் வருடம் ஒரு ஆட்டத்துக்கும் வரவில்லை. இறுதியாட்டம் என்று அதிபரே ஆள் அனுப்பியபோது சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தேன். பெனால்டி வரை போனது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்கு உடம்பு எழும்பியது. கயிற்றைத் தாண்டிப்போய்க் கத்தினேன். நீ ஒவ்வொரு பந்தைத் தடுத்த பிறகும் திரும்பி என்னைப் பார்த்தாய். அதற்குப் பிறகு இறுதியாட்டம் என்றால் நான் வருவேன் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. மற்ற ஆட்டங்களில் திரும்பிப் பார்க்க ஆளில்லை. முழுப் பழியையும் என் தலையில் போட்டு உன்னைத் தப்பவிடுகிறேன் என்று நினைக்காதே. அந்த இரண்டு கோலையும் விட்டது நீதான். ஆனால் கொட்டாவி விட உனக்குப் பழக்கியது ஆர் என்று யோசித்தால் எனக்கு இருக்க முடியவில்லை.

போன புதன்கிழமை கண் காட்ட வவுனியாவுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். வயலுக்குப் பசளை போடவேண்டிய நாள். அவள் ஒரு சொல்லும் கேட்காமல் ஐந்து ரொட்டியைச் சுற்றித் தந்தாள். கண் ஆஸ்பத்திரிக்கு ஐந்து ரொட்டி எதற்கு? அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வவுனியாவில் ரயில் ஏறி, பிறகு இரண்டு பஸ் மாறி, எனக்குத் தெரிந்த பத்துச் சிங்களச் சொல்லையும் செலவழித்து சிவத்திடம் கேட்டு வைத்திருந்த உங்கள் மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம். பார்க்க வந்திருந்தவர்கள் முப்பது பேர் இருக்கும். இரண்டு நாய்கள் கோட்டுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தன. கொட்டகையின் ஓரத்தில், தூணுக்குப் பின்னால் இருந்தேன்.

நீ செம்மஞ்சள் மேலங்கியோடு வெளியே இருந்தாய். என் கண் முழுக்க உன்னில்தான். ஆட்டம் உங்கள் பக்கம் சுலபமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும், உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கொட்டாவி வந்தது. பசளை போடாத வயல் நினைவுக்கு வந்தது. போனை எடுத்து ஊரில் மழையா என்று பார்த்தேன். கடலைக்காரரைக் கூப்பிட்டுக் கடலை வாங்கினேன். சத்தம் கேட்டு நிமிர்ந்தால் உங்கள் பெண் ஒருத்தி கோல் போட்டுவிட்டு ஓடிவருகிறாள். கோலை நான் காணவில்லை. இவ்வளவு தூரம் வந்து, சொந்த மகளின் அணி ஆடும் ஒரே ஒரு சின்ன ஆட்டத்தை முழுதாகப் பார்க்க எனக்கு முடியவில்லை, வினோ. வெறுமனே இருந்து பார்க்கவே இவ்வளவு கஷ்டம். நீ சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு ஆட்டத்தையும் இறுதியாட்டம் மாதிரி நினை என்று உன்னிடம் கத்தினேன் அல்லவா, அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அப்படி ஒருவராலும் முடியாது. சொன்னவன் ஒருநாளும் செய்து பார்க்காதவன்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் வாகனத்துக்குப் போனார்கள். நீ போகவில்லை. சிதறிக் கிடந்த பந்துகளைப் பொறுக்கி வந்து வரிசையாக வைத்துவிட்டு, பயிற்றுநரிடம் ஏதோ கேட்டாய். அந்த அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு தலையாட்டினாள். நீ கையுறையைப் போட்டுக்கொண்டு கோலுக்குள் நின்றாய். அவள் ஒவ்வொன்றாக அடித்தாள். கஷ்டமான பந்துகள் இல்லை. உருண்டு வரும் பந்து, கைக்கு நேரே வரும் பந்து. ஒவ்வொன்றுக்கும் நீ குனிந்து, உடம்பைப் பந்துக்குப் பின்னால் கொண்டுவந்து, நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாய். திருப்பி எறிந்தாய். மறுபடி குனிந்தாய். மைதானத்தில் ஒருவரும் இல்லை, நாய்களும் போய்விட்டன. பத்து, இருபது, அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை. உன் முகத்தில் அன்றைக்குப் பெனால்டி நேரம் கண்ட நெருப்பு இல்லை. வெங்காயம் உரிக்கிற முகம் மாதிரி ஒரு சாதாரண முகம். உன் அம்மா காணியில் பற்றை வெட்டியபோது கதிரையில் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்த முகமும் அதுதான்.

கூப்பிட வாய் எடுத்தேன். கூப்பிடவில்லை. வேலியோரமாக நடந்து பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் அதற்கு ஒரு நல்ல நியாயம் கட்டிக்கொண்டு வந்தேன். நான் கூப்பிட்டால் நீ திரும்பிப் பார்ப்பாய், அடுத்த பந்துக்குப் பாய்ந்து விழுவாய், அதுவும் ஓர் இறுதியாட்டமாகிவிடும், பார்க்க ஆளில்லாமல் நீயாகச் செய்வதை நான் கெடுக்கக் கூடாது என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, இந்த நியாயத்தையும் சொன்னேன்.

"கதைக்கேல்லையோ?" என்றாள்.

"இல்லை. அதுதான் சொல்லுறன்..."

"அவ்வளவு தூரம் போய், பெத்த பிள்ளையை மறைஞ்சு நிண்டு பாத்திட்டு வந்தனீங்களோ? பயந்திட்டன் எண்டு சொல்லுங்கோ. அது ஒரு கதை. இது என்ன கதை?"

ஓம், பயந்துவிட்டேன். இறுதியாட்டத்தில் வெல்லும் மகளிடம் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க எனக்குத் தெரியும். இருத்தி வைக்கப்பட்ட மகளிடம், வேர்த்துப் பசித்து நிற்கிற ஒரு புதன்கிழமையில், என்ன சொல்வது என்று தெரியவில்லை. தண்ணீரில் நடந்தபோது இந்தப் பயம் எனக்கு இருக்கவில்லை. உனக்கு அறிவுரை சொல்ல என்று தொடங்கிய கடிதம் இது. சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் என்னுடையதில்லை, சிவத்தினுடையது. உடம்பு எழும்பாத நாளிலும் வந்து நில். நன்றாக விளையாட முடியாவிட்டால் பரவாயில்லை, பந்து வரும்போது கோலுக்குள் நில். அதை நீயாகவே தொடங்கிவிட்டாய், நான் கண்டேன். அவர்கள் உன்னைத் திரும்ப விளையாட விடுவார்களா, பருவம் முழுவதும் வெளியிலேயே வைத்திருப்பார்களா, எனக்குத் தெரியாது. அதை நினைத்தால் இப்போதும் எழும்பி நடக்கத்தான் தோன்றுகிறது.

அடுத்த கிழமை புதன்கிழமை உங்களுக்கு அதே மைதானத்தில் ஆட்டம் என்று சிவம் சொன்னான். பெரிய ஆட்டம் இல்லையாம், எதிரணிக்கு இதுவரை ஒரு புள்ளியும் இல்லையாம். இந்தக் கடிதம் அதற்கு முதல் உனக்குக் கிடைத்துவிடும். நானும் அம்மாவும் வருகிறோம். அம்மா நேரில் பார்க்கப் போகிறேன் என்று இப்போதே சேலை எடுத்து வைத்துவிட்டாள். இடையில் நான் போனைப் பார்ப்பேன், கடலை வாங்குவேன், கொட்டாவியும் விடுவேன், அதைக் கண்டால் குறை நினைக்காதே. நீ வெளியே இருந்தாலும் உள்ளே நின்றாலும் ஆட்டம் முடியும்வரை இருப்பேன். முடிந்ததும் வேலியோரமாகப் போய்விட மாட்டேன். நீ பந்துகளைப் பொறுக்கும்போது உள்ளே வந்து நானும் பொறுக்குவேன்.

அப்பா